யாத்திரையை ஆற அமரக் காட்டும் ஆவணப்படங்கள்: பார்த்தவர்கள் பேசலாம்

கரையாறு

நம்ம திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா, பாதயாத்திரை, தசரா எதுவானாலும் படம் எடுக்க ஆளுக்குக் குறைவே இல்லை. ட்ரோன் மேலே போகும், கூட்டம் தெரியும், பின்னணியில் ஒரு பாட்டு, மூணு நிமிஷத்தில் முடிஞ்சிரும். கூட்டம் தெரியுதே தவிர, அதுக்குள்ள நடந்து வந்த ஆள் தெரியமாட்டேங்காரு. இதுக்கு நேர் எதிரா எடுத்த ஒரு படத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குதேன்.

படம் 'மனகாமனா', 2013-இல் வந்தது. ஸ்டெஃபனி ஸ்ப்ரே, பாச்சோ வெலெஸ் என்று இரண்டு பேர் சேர்ந்து இயக்கியது. அந்த வருஷம் லொகார்னோ விழாவில் பரிசும் வாங்கிச்சு. நேபாளத்தில் கோர்க்கா மாவட்டத்து மலை உச்சியில் மனகாமனா பகவதி கோயில் இருக்கு. மனசில் நினைச்சதை நடத்திக் கொடுக்கிற அம்மன் என்று ஜனங்க போறாங்க. 1998-இல் அங்கே கேபிள் கார் வந்தது. அதுக்கு முன்னாடி மணிக்கணக்கா மலை ஏறணும்.

படம் முழுக்க அந்த கேபிள் கார் பெட்டிக்குள்ளதான். 11 பயணம், 6 ஏற்றம், 5 இறக்கம். ஒவ்வொண்ணும் ஒரே ஷாட். 16 எம்.எம். ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஓடுற நேரத்துக்குள்ள ஒரு பயணம் அடங்கிருது, அதனால் நடுவில் வெட்டவே தேவையில்லை. நிலையத்துக்குள்ள வண்டி நுழைஞ்சதும் திரை இருட்டாகும், அந்த இருட்டிலேயே அடுத்த பயணத்துக்கு மாறிடும். கேமரா எதிர் இருக்கையில் அசையாம இருக்கு. நாம பார்க்கிறது எதிரே உட்கார்ந்த முகங்களையும், அவங்களுக்குப் பின்னாடி நழுவிப் போற மலைச்சரிவையும்தான்.

முதல் பயணத்தில் ஒரு பெரியவர், பக்கத்தில் ஒரு பையன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. அடுத்ததில் பூக்கூடையோடு ஒரு அம்மா, அவங்களும் பேசலை. அதுக்கப்புறம் சேவலோடு ஒரு தம்பதி. ஒரு பயணம் முழுக்க ஆடுகள் மட்டும்! கம்பி தூணைத் தாண்டும்போது பெட்டி ஒரு குலுக்கு குலுக்கும், ஆடு திரும்பிப் பார்க்கும். அதுகளை எதுக்குக் கொண்டு போறாங்கன்னு யாரும் சொல்லலை. சொல்லவும் வேண்டாம். கொடைக்குக் கிடா ஓட்டிட்டுப் போன ஊர்க்காரனுக்கு அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்யும்னு இங்கே உள்ளவங்களுக்குத் தெரியும்.

கோயிலை ஒரு தடவைகூடக் காட்டலை. எனக்கு இதுதான் படத்தின் உயிர். போறதும் வாறதும்தான் யாத்திரையில் பெரும்பங்கு. சாமி முன்னால நிக்கிறது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை மட்டும் காட்டுற படங்க ஆயிரம் இருக்கு. மீதி நேரத்தைக் காட்ட இப்படி ஒண்ணுதான் நான் பார்த்தது. வேற பார்த்தவங்க எழுதுங்க.

தேரிக்காடு

அண்ணாச்சி, மரியாதையோட ஒரு கேள்வி. இரண்டு மணி நேரம் ஒருத்தர் முகத்தையே பார்த்துட்டு இருக்கணும்னா அதுக்கு பஸ்ஸில் ஏறி திருச்செந்தூர் போனா போதாதா? படம்னா ஏதாவது சொல்லணும்லா. நேபாளி மொழியும் தெரியாது. நான் முக்கால்வாசி வரை பார்த்தேன். ஐஸ்கிரீம் சாப்பிடுற இரண்டு பெண்கள் வந்த இடம் நல்லா இருந்தது, உருகி கையில் வழியுது, சிரிப்பை அடக்க முடியலை அவங்களுக்கு. ஆனா அதுக்கு முன்னாடி இருந்த மௌனத்துக்கு என்ன தேவை?

பாளை ஒலி

தம்பி தேரிக்காடு, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் முகத்தை நீங்க அவ்வளவு நேரம் பார்க்க முடியாது. பார்த்தா 'என்ன வே'ம்பாரு. சினிமா கொடுக்கிற அனுமதி அது. மௌனத்துக்கு என்ன தேவைன்னு கேட்டீங்க. முதல் இரண்டு பயணத்திலும் பேச்சு இல்லாததால்தான் உங்க காது வேலை செய்ய ஆரம்பிக்குது. கம்பி உரசுற சத்தம், தூண் வரும்போது கடகடப்பு, அது முடிஞ்சதும் ஒரு அமைதி. மூணாவது பயணத்தில் ஒருத்தர் வாயைத் திறக்கும்போது அந்தக் குரல் எவ்வளவு பெரிசாத் தெரியுதுன்னு பாருங்க. முதல் நிமிஷத்திலேயே பேசியிருந்தா அது வெறும் தகவல்.

சத்தத்துக்காகவே பார்க்க வேண்டிய இன்னொரு படம் ராபர்ட் கார்ட்னரின் 'ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்', 1986. காசியில் ஒரு விடியலில் தொடங்கி மறு விடியலில் முடியுது. வர்ணனை கிடையாது. ஜனங்க பேசுறதுக்குக்கூட சப்டைட்டில் போடலை. விறகுக் கட்டையைத் தராசில் வைக்கிறது, செண்டுப்பூ மாலை கட்டுறது, பாடை செய்யுறது, படித்துறையைப் பெருக்குறது, நாய்ங்க, படகு. துடுப்பு கிறீச்சிடுற சத்தம் ஒண்ணு படம் நெடுக வரும். அந்தச் சத்தம் வந்தா கங்கையில் ஏதோ போகுதுன்னு நம்ம காது தானாகக் கத்துக்கிடுது. யாரும் கையில் பிடிச்சுச் சொல்லிக் கொடுக்கலை.

ஒரு உபரித் தகவல்: கார்ட்னர் காசியில் பயன்படுத்திய கேமராவில்தான் 'மனகாமனா'வையும் எடுத்தாங்க.

நான் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன். சூரசம்ஹாரம் நேரலைக்கு ஒயர் இழுத்திருக்கேன். கடற்கரையில் சூரன் தலை மாறும், வர்ணனையாளர் மூச்சு விடாம பேசுவாரு, மணல் தெரியாத கூட்டம். ஆனா அந்த ஆறு நாளும் விரதம் இருந்து கோயில் வளாகத்திலேயே பாயை விரிச்சுக் கிடக்காங்களே, அவங்க பக்கம் ஒரு கேமராவும் திரும்பாது. அவங்க இருமல், அவங்க முணுமுணுப்பு, விடியக்காலம் துணி உலர்த்துற சத்தம், இதெல்லாம்தான் கந்த சஷ்டி. அங்கே மைக் வைக்க இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

முக்கூடல்

எல்லாரும் ஒரே பக்கமாப் பேசுறதால் மறுபக்கத்தை நான் எழுதுறேன். எனக்கும் இந்தப் படங்களைப் பிடிக்கும். ஆனா ஒரு பெரிய குறை இருக்கு, அதை மூடி மறைக்கக் கூடாது.

கார்ட்னர் படம் வந்தபோதே மானுடவியலாளர்களில் சிலர் கடுமையா எதிர்த்தாங்க. சப்டைட்டிலும் விளக்கமும் இல்லாம காசியைக் காட்டினா, பார்க்கிற வெளியூர்க்காரனுக்கு அது பிணமும் பூவும் நாயும் உள்ள விசித்திர ஊராத்தான் மிஞ்சும். அங்கே உள்ளவங்க என்ன நினைச்சு அதைச் செய்யுறாங்கன்னு தெரியாதுன்னு சொன்னாங்க. அதில் நியாயம் இருக்கு. மனகாமனா கோயிலில் பூசை செய்யுறவங்க மகர் சமூகத்துக்காரங்க, பிராமணர்கள் இல்லை. அந்தக் கோயிலின் வரலாறே அதில்தான் இருக்கு. இரண்டு மணி நேரம் படம் பார்த்தாலும் அது தெரியாது.

நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி. தோல் செருப்பைக் காணிக்கையாக் கொண்டு வந்து கட்டித் தொங்க விடுவாங்க. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தா அந்தச் செருப்பு தேஞ்சிருக்கும், பட்டவராயன் போட்டுட்டு நடந்திருக்காருன்னு நம்பிக்கை. இப்போ ஒருத்தர் அந்தச் செருப்பை ஐந்து நிமிஷம் ஒரே ஷாட்டில் காட்டுறாருன்னு வைங்க. படம் அழகா இருக்கும். ஆனா அங்கே பட்டவராயனா நிக்கிற முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை, பொம்மக்கா திம்மக்கா என்கிற சக்கிலியப் பெண்களைக் கட்டினவன், அதுக்காகப் பூணூலைக் கழற்றிப் போட்டுச் செருப்புத் தைக்கப் படிச்சவன், மாமனார் மாட்டைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவன், இது எதுவும் அந்த ஐந்து நிமிஷத்தில் வராது. செருப்பின் பாரம் அந்தக் கதையில் இருக்கு. கதையை எடுத்துட்டா மிஞ்சுறது தோல்.

சாதி கேமராவுக்குத் தானாகத் தெரியாது. திருவிழாவுக்குத் தங்க யார் எந்த இடத்தில் குடில் போட்டிருக்காங்க, யார் முதலில் பொங்கல் வைக்கிறாங்க, யார் தள்ளி நிக்கிறாங்க என்கிறது தெரிஞ்ச கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சும்மா பார்த்துக்கிட்டே இருக்கிறதை ஒரு அறமாக் கொண்டாடும்போது இதை மறந்திரக் கூடாது.

கரையாறு

முக்கூடல் அண்ணாச்சி, இப்படி ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தேன். செருப்பு விஷயத்தில் நீங்க சொன்னது முழுக்கச் சரி. கதை இல்லாம அந்தச் சன்னதி இல்லை.

ஆனா கதையை யார் சொல்லணும்? மேலே இருந்து ஒரு குரல் வந்து 'இந்தக் கோயிலின் சிறப்பு என்னவென்றால்'னு சொல்லணுமா? அங்கேயே முத்துப்பட்டன் கதையை வில்லில் பாடுறவங்க இருக்காங்க. நம்ம சீமையில் வில்லுப்பாட்டு அவசரப்பட்டு முடிஞ்ச சரித்திரம் உண்டா? ராத்திரி முழுக்கப் போகும். குடம் அடிக்கிறவர் வேர்வையைத் துடைப்பாரு, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவாரு, நடுவில் ஒருத்தருக்குச் சாமி வந்து பாட்டு நிக்கும், பிறகு விட்ட இடத்தில் தொடங்கும். அந்தப் பாட்டை வெட்டாம இருபது நிமிஷம் காட்டுங்க. விளக்கமும் வந்தாச்சு, ஊர்க்காரங்க வாயாலேயே வந்தாச்சு. பார்க்கிறதும் கேட்கிறதும் சேர்ந்ததுதானே இந்த வகைப் படம். 'மனகாமனா'விலும் வயசான பெண்கள் மூணு பேர் வரும் பயணம் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்தில் எப்படி ஏறி வந்தோம்னு அவங்களே பேசிக்கிடுவாங்க. கேபிள் கார் வந்ததால் என்ன மாறிச்சுன்னு அதைவிடத் தெளிவா எந்த வர்ணனையாளரும் சொல்ல முடியாது.

சாதி பற்றி: நீங்க சொல்ற 'தெரிஞ்ச கண்ணு' படம் எடுக்கிறவருக்கு இருக்கணும். ஸ்ப்ரே பல வருஷம் நேபாளத்தில் இருந்து, மொழி பேசி, படத்தில் வாறவங்களில் பலரை முன்னாடியே பழகித் தெரிஞ்சவங்க. வழியில் போன ஆளைப் பிடிச்சு உட்கார வைக்கலை. எந்த முகத்துக்குப் பத்து நிமிஷம் கொடுக்கணும்னு தீர்மானிக்கிறதிலேயே பாதி வேலை முடியுது. அது தெரியாம கேமராவை ஊன்றி வைச்சா நீங்க பயப்படுறதுதான் நடக்கும்.

உவரிக்கரை

நான் ஒரு பெண், கோயில் திருவிழாவுக்கும் நடந்திருக்கேன், மணப்பாடு திருச்சிலுவைக்கும் நடந்திருக்கேன். அண்ணாச்சிமார் யாரும் கேட்காத ஒண்ணைக் கேட்கிறேன். எதிரே கேமராவை வைச்சுப் பத்து நிமிஷம் பார்க்க யாரு அனுமதி கொடுத்தது?

ஆற்றில் குளிக்கிற பெண்கள், சாமியாடித் தலை அவிழ்ந்து கிடக்கிறவ, உவரி அந்தோணியார் கோயிலில் மனசு உடைஞ்சு போய்த் தங்கியிருக்கிறவங்க, இவங்க எல்லாரையும் இப்போ போன் வைச்சிருக்கிற யாரும் எடுத்துப் போட்டுருதாங்க. மெதுவான படம் என்கிறதால் அது மரியாதையான படமாயிராது. நீளமாப் பார்க்கிறது இன்னும் கூடுதல் தொந்தரவாகவும் இருக்கலாம்.

எனக்கு இதில் நம்பிக்கை கொடுத்தது 'இன்ட்டு கிரேட் சைலன்ஸ்' என்கிற படம், 2005. யாத்திரை இல்லை, பிரான்ஸில் மலைக்குள்ள இருக்கிற கார்த்தூசியன் துறவிகள் மடம். பிலிப் குரோனிங் 1984-இல் அனுமதி கேட்டாரு. இன்னும் காலம் வரலைன்னு சொல்லிட்டாங்க. 16 வருஷம் கழிச்சு, இப்போ வரலாம்னு பதில் வந்தது. காத்திருந்து போய், தனி ஆளா, செயற்கை விளக்கு இல்லாம, அங்கேயே மாசக்கணக்கில் தங்கி எடுத்தாரு. நடுநடுவே துறவிகள் ஒவ்வொருத்தரா கேமராவை நேரா பார்க்கிற ஷாட் வரும். நாம அவங்களைப் பார்க்கிறோம், அவங்களும் நம்மைப் பார்க்கிறாங்க. அந்தச் சமன் எனக்கு முக்கியம். அனுமதி கொடுத்தவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

நம்ம ஊரில் யாராவது இப்படி எடுக்கப் போனா, கொடை நடக்கிற நாளுக்குக் கேமராவோட போகாதீங்க. அதுக்கு முன்னாடி வெறுங்கையோட போய்ப் பந்தல் கட்டுறப்போ உதவி செய்ங்க. எந்த அக்காகிட்ட எடுக்கலாமான்னு கேட்கணும், யாரை விட்டுரணும் என்கிறது அங்கேதான் தெரியும்.

முக்கூடல்

உவரிக்கரை அம்மா சொன்னதை அப்படியே ஏத்துக்கிடுதேன். கரையாறு, வில்லுப்பாட்டு யோசனை நல்லா இருக்கு. ஆனா 'ஊர்க்காரங்க வாயாலேயே' என்கிறபோது எந்த ஊர்க்காரங்கன்னு திரும்பக் கேட்பேன். ஆடி அமாவாசைக்குக் காரையாறில் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் தர்பாரில் உட்கார்ந்த காட்சியைத்தான் எல்லாரும் எடுத்தாங்க. அந்த ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமானாரு. அதோட ஒரு காலம் முடிஞ்சது, அது பதிவானதில் தப்பில்லை. அதே நாளில் அந்த மேடைக்குப் பின்னாடி அடுப்பு மூட்டிட்டு இருந்தவங்க, சங்கிலி பூதத்தார் முன்னால சங்கிலியால் மாரில் அடிச்சுக்கிட்டவர் மறுநாள் எந்த வயல் வேலைக்குப் போனாருன்னு யாரும் பின்தொடரலை. மெதுவான படம் எடுக்கணும்னா அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆத்தங்கரை

எல்லாரும் கோயிலும் மாதா கோயிலும் பேசுறீங்க. எங்க ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும், கடையம் பக்கம் பொட்டல்புதூர் தர்காவுக்கும் கேமராவை ஒரு தடவை கொண்டு வாங்க. கந்தூரி விழாவுக்கு வாறவங்களில் எத்தனை நெற்றியில் திருநீறு இருக்குன்னு ஷாட் ஓடவிட்டாலே போதும், ஒருத்தரும் ஒற்றுமை பற்றிப் பேச வேண்டாம். பேசினாத்தான் அது கெட்டுப்போகும். வந்தவர் பாட்டுக்குச் சர்க்கரையும் பூவும் கொடுத்து ஓதி வாங்கிட்டுப் போறாரு. வெட்டாம காட்டினா அது அன்றாடம் நடக்கிறதுன்னு புரியும். இரண்டு நொடி காட்டினா பிரச்சாரமாயிரும்.

தேரிக்காடு

ஆத்தங்கரை பாய் சொன்ன கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'மனகாமனா' படத்தை மீதியும் பார்த்தேன். சாரங்கி வாசிக்கிற இரண்டு பேர் இறங்கி வரும்போது சுதி சேர்க்கிற இடம் இருக்கே, அதை இப்போதான் முழுசாக் கேட்டேன்.

என் பக்கத்தில் இருந்து ஒண்ணு. தைப்பூசத்துக்குத் திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூருக்கு நடக்கிறப்போ, பச்சை வேட்டி கட்டின கூட்டம் பாளை தாண்டி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர்னு போகும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் முக்கால்வாசி நடை. தொடக்கத்தில் அரோகரா சத்தம், மைக் செட் வண்டி, ஆட்டம். ஆழ்வார்திருநகரி தாண்டினதுக்கப்புறம் ஒரு பேச்சு இருக்காது. கால் கொப்புளம், தொடை உரசல், எதிரே வாற லாரி வெளிச்சம். யாரோ ஒருத்தர் நின்னு, பக்கத்தில் வாறவன் தோளைப் பிடிச்சுச் செருப்பில் இருந்து கல்லைத் தட்டுவாரு. பிறகு திரும்ப நடை. எந்த வீடியோவிலும் அந்தப் பகுதி கிடையாது, ஏன்னா அங்கே 'ஒண்ணும் நடக்கலை'. ஆனா நடந்த எங்களைக் கேட்டா அந்த இடத்தில்தான் வேண்டுதல் என்னன்னு மனசுக்குள்ள சரியா உருவாகுதுன்னு சொல்வோம். அதைப் படமாக்க முடியுமா அண்ணாச்சி?

பாளை ஒலி

முடியும் தம்பி. எப்படின்னு என் வேலைக்கு உட்பட்டதை மட்டும் சொல்லுதேன்.

மைக் செட் வண்டி பக்கத்தில் நிக்காதீங்க. குழாய் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் சேர்ந்தா பிற்பாடு மென்பொருளில் சுத்தமாப் பிரிக்கிறது கஷ்டம். வண்டிக்கு ரொம்பப் பின்னாடி, கூட்டம் மெலிஞ்ச இடத்தில் போங்க. அங்கே இரண்டு மூணு பேருக்கு அனுமதியோட காலர் மைக் மாட்டிவிடுங்க. பேசச் சொல்ல வேண்டாம். மூச்சும் வேட்டி சரசரப்பும் போதும். கேமரா ஆள் கூடவே நடக்கணும், காரில் உட்கார்ந்து எடுத்தா உயரமும் வேகமும் காட்டிக் கொடுத்திரும். வெளிச்சத்துக்கு விளக்கு கொண்டு போகாதீங்க, எதிர் வண்டி வெளிச்சம் வந்து போறதுதான் அந்த ராத்திரியின் வெளிச்சம். ஷாட்டை எங்கே முடிக்கிறதுன்னு முன்னாடியே தீர்மானிச்சுக்கோங்க: ஒரு பந்தலில் இருந்து அடுத்த நீர்மோர்ப் பந்தல் வரைன்னு வைச்சா, நடக்கிறவங்க ஓய்வே உங்க வெட்டாயிரும்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறுன்னா வேற கணக்கு. ஆடிக் காத்து மைக்குக்குள்ள புகுந்தா எல்லாம் போச்சு, ரோமக் கவசம் இல்லாம போகாதீங்க. ஆற்றுச் சத்தம் எல்லா இடத்திலும் இருக்கும், அதைத் தனியா கால் மணி நேரம் பதிவு பண்ணி வைச்சுக்கோங்க. புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற இடம், குடில் போடுற நாளுக்கும் வண்டிக்கும் வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கரையாறு

பாளை அண்ணாச்சி, இதை ஒட்டி வைச்சுக்கிடணும். ஒரு முடிவு எடுத்திருக்கேன்: வாற ஆடிக்குக் கேமரா இல்லாம போறேன், உவரிக்கரை அக்கா சொன்ன மாதிரி குடில் போடுற நாளிலேயே. முக்கூடல் அண்ணாச்சி வந்தா நல்லா இருக்கும், எந்தக் குடில் எங்கே இருக்குன்னு படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். வில்லுக்காரங்ககிட்டப் பேசிப் பாப்போம். அவங்க சரின்னா அதுக்கடுத்த வருஷம் எடுக்கலாம், இல்லைன்னா விட்டுருவோம்.

முக்கூடல்

வாறேன். பாபநாசத்தில் எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க.